பழைய தாவரப் படங்களும் தாத்தாவின் ஈட்டி மர மேஜையும்



சென்ற வருஷம் தீபாவளிக்கு நானும் என் மனைவியும் கொல்கத்தாவிலிருந்து பெங்களூருக்குப் பிள்ளையின் அகத்திற்குப் போயிருந்தோம். புது ஃபிளாட். கிருகப்பிரவேசம் ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்ததால் சுவரெல்லாம் வெறிச்சென்று இருந்தது. என் மாட்டுப்பெண் ஒரு நாள் காலை காபி கொடுத்துவிட்டு, "அப்பா, ஹால்ல பழைய காலத்துச் செடி கொடிப் படம் நாலு மாட்டி, கீழே ஒரு பழைய ரோஸ்வுட் மேஜை போடலாம்னு இருக்கோம். நீங்க பாட்டனி படிச்சவர். கல்கத்தாவில ஏலக்கடை எல்லாம் சுத்தினவர். எது நிஜம், எது போலின்னு எப்படிப் பார்க்கறது?" என்று கேட்டாள்.

பத்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் என் பிள்ளை, "இதையெல்லாம் எழுதி வையுங்கோப்பா. நம்மவா ஆத்திலெல்லாம் இப்போ இதுதான் ஃபாஷன்" என்றான். அதன் விளைவே இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி இரண்டு வரி. அடியேன் 1970-ல் தாவரவியலில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசின் தணிக்கைத் துறையில் சேர்ந்தவன். உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கல்கத்தாவில் கழிந்தது. ரிடையர் ஆகிப் பதினைந்து வருஷம் ஆகிறது. படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தம் இல்லாமல் போனவர்கள் நம்மில் அநேகர். என்னிடம் மிஞ்சியது கல்லூரியில் பூக்களைப் பிரித்துப் பார்க்க வாங்கிய, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்னக் கைலென்ஸ் ஒன்றுதான். அது இன்றும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதற்கும் வேலை உண்டு.

படம் என்பது ஒரு பக்கம்

கடையில் சட்டம் போட்டு விற்கும் பழைய தாவரப் படம் அநேகமாக ஒரு புத்தகத்தின் பக்கம். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சுவரில் மாட்டுவதற்காக யாரும் அவற்றை அச்சடிக்கவில்லை. எந்தச் செடி எது என்று தூரதேசத்தில் இருப்பவருக்கும் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்பதற்காக அச்சடித்தார்கள். புகைப்படம் வராத காலத்தில் அதற்கு வேறு வழி இல்லை.

நம் தேசத்துச் செடிகளை அப்படிப் பதிந்த பெரிய நூல்களில் முதன்மையானது 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்'. கொச்சியில் டச்சுக்காரர்களின் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுப்பித்தது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட மலையாள நாட்டுத் தாவரங்கள் அதில் இருக்கின்றன. வான் ரீட் 1691-லேயே காலமாகிவிட்டார். அவருடைய கல்லறை சூரத்தில் இருக்கிறது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி பிராமண வைத்தியர்களும் செடிகளின் பெயர், குணம், பயன் எல்லாவற்றையும் சொன்னவர்கள். 1675-ல் அவர்கள் தங்கள் கைப்பட எழுதிக் கொடுத்த அத்தாட்சிகளும் முதல் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. ரோமன் லிபி, மலையாளம், அரபி, நாகரி என்று பல லிபிகளில் படத்தின் மேலேயே செடியின் பெயரைப் பொறித்திருப்பார்கள். அந்த நூல் லத்தீனில் இருந்ததால் மூன்று நூற்றாண்டு காலம் நம்மவர்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. கோழிக்கோடு பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.எஸ். மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்துச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2003-லும், மலையாள மொழிபெயர்ப்பு 2008-லும் வந்தன.

அடுத்தது வில்லியம் ராக்ஸ்பர்கின் 'சோழமண்டலக் கரைத் தாவரங்கள்'. ராக்ஸ்பர்க் 1776-ல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து டாக்டர். தரங்கம்பாடியில் இருந்த, லின்னேயஸின் மாணாக்கரான கோனிக் என்பவரிடம் பழகியவர். பிறகு ஆந்திரக் கரையில் சாமல்கோட்டையில் தோட்டம் போட்டு, உள்ளூர்ச் சித்திரக்காரர்களை வைத்துச் செடிகளை வரைவித்தார். அந்தப் படங்கள் லண்டனுக்குப் போயின. அங்கே ஜோசப் பாங்க்ஸ் 300 படங்களைத் தேர்ந்தெடுத்துச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வர்ணம் தீட்டி, 1795 முதல் 1820 வரை மூன்று பெரிய தொகுதிகளாக வெளிவரச் செய்தார். முதல் தொகுதியில் தேக்கு மரம் இருக்கிறது. இரண்டாவதில் ஈட்டி மரம் இருக்கிறது. ஈட்டி மரத்துக்கு இன்றைக்கும் வழங்கிவரும் 'டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா' என்ற பெயர் ராக்ஸ்பர்க் அங்கே வைத்ததுதான்.

1793-ல் ராக்ஸ்பர்க் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்தார். ஹூக்ளி நதிக்கு அக்கரையில், ஷிப்பூரில், 1787-ல் ஆரம்பித்த தோட்டம் அது. பெரிய ஆலமரம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் காலத்தில் வரைந்த 2,500-க்கும் மேற்பட்ட வர்ணப் படங்களின் மூலப்பிரதி இன்றும் ஷிப்பூரில் இருக்கிறது. இன்னொரு பிரதி லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த நண்பர் ஒருவரின் தயவில் சில படங்களைப் பார்க்கும் பாக்கியம் எனக்கு ஒரு முறை கிடைத்தது. இருநூறு வருஷம் கழித்தும் இலையின் பச்சை நேற்று தீட்டியது போல இருந்தது. படத்தின் ஓரத்தில் வரைந்தவர் பெயரைத் தேடினேன். இல்லை.

வரைந்தவர்கள் யார்?

ராக்ஸ்பர்கின் அச்சிட்ட நூலிலும் அந்தச் சித்திரக்காரர்களின் பெயர் கிடையாது. செடிக்குப் பெயர் உண்டு. பெயர் வைத்தவருக்குப் பெயர் உண்டு. செலவு செய்த கம்பெனிக்குப் பெயர் உண்டு. உட்கார்ந்து ஒவ்வொரு மகரந்தக் காம்பையும் எண்ணி வரைந்தவர் பெயர் மட்டும் இல்லை. தணிக்கைக்காரன் பாஷையில் சொன்னால், சரக்கு வந்திருக்கிறது. கொடுத்தவரின் கையெழுத்து இல்லை.

பிற்பாடு வந்தவர்கள் கொஞ்சம் நியாயமாக நடந்துகொண்டார்கள். கல்கத்தாத் தோட்டத்துக்கு வந்த நதானியேல் வாலிச் என்ற டென்மார்க்குக்காரர் 1830 முதல் 1832 வரை லண்டனில் வெளியிட்ட மூன்று தொகுதிகளில் 295 படங்கள் உண்டு. அவற்றில் விஷ்ணுபிரசாத், கோராசந்த் என்ற பெயர்களைக் காணலாம்.

நம் பக்கத்துக்கு நெருக்கமானவர் ராபர்ட் வைட். 1819-ல் சென்னைக்கு வந்த டாக்டர். 1842 முதல் கோயம்புத்தூரில் கம்பெனியின் பருத்திப் பண்ணைகளைப் பார்த்துக்கொண்டவர். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2,101 படங்களைக் கல்லச்சில் போட்டார். விசேஷம் என்னவென்றால், லண்டனுக்கு அனுப்பாமல் சென்னையிலேயே அச்சடித்தார். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்கள், ஆடம்பரம் இல்லை, விலையும் குறைவு. இங்கே இருப்பவர்கள் வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். அவரிடம் முதலில் ரங்கையாவும் பிறகு கோவிந்துவும் வரைந்தார்கள். இரண்டும் தெலுங்குப் பெயர்கள். கோவிந்துவின் நினைவாக ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயியா' என்று வைட் பெயர் வைத்தார். பிற்காலத்தில் அது வேறொரு பேரினத்துக்குள் அடங்கிப்போயிற்று. ஆனாலும் சாஸ்திரப் பதிவில் ஒரு சித்திரக்காரரின் பெயர் ஏறிவிட்டது. எடின்பர்க் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி இந்த இருவர் வரைந்த படங்களை ஆராய்ந்து 2007-ல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார்.

லென்ஸ் சொல்லும் சேதி

இப்போது என் மாட்டுப்பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

செப்புத் தகட்டு அச்சில், ஈரக் காகிதத்தைத் தகட்டின் மேல் வைத்து அழுத்துவார்கள். அதனால் படத்தைச் சுற்றிலும் தகட்டின் விளிம்பு ஒரு பள்ளமாகப் பதிந்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும். கல்லச்சில் அந்தப் பள்ளம் இருக்காது. கோடு மெழுகுப் பென்சிலால் வரைந்தது போல இருக்கும். கையால் தீட்டிய வர்ணம் அங்கங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். ஒரே இலையில் ஓரிடம் அடர்த்தியாகவும் ஓரிடம் வெளிறியும் இருக்கும். இக்காலத்து ஆஃப்செட் அச்சானால், லென்ஸ் வைத்துப் பார்த்தால் எல்லா நிறமும் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்துவிடும். இந்த ஒரு சோதனையே பாதிப் போலிகளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்து வந்த ஞானம் இல்லை. பணம் கொடுத்துப் பெற்றது. 1994-ல் கல்கத்தாவில் ஒரு கடையில் 'முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் ஒரிஜினல்' என்று சொல்லி ஒரு பலாமரப் படத்தை 1,200 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார்கள். பழுப்பேறிய காகிதம், ஓரமெல்லாம் கறை. பழமை சொட்டியது. அகத்துக்கு வந்து லென்ஸை எடுத்துப் பார்த்தால், அத்தனையும் புள்ளி! பழுப்பு நிறம் டீ டிகாக்ஷனில் நனைத்ததால் வந்தது. கறை மட்டும் ஒரிஜினல். லென்ஸைக் கையோடு கொண்டுபோகாதது என் தப்பு.

வாங்கியதைக் காப்பாற்றுவதும் முக்கியம். வெயில் நேரே படும் சுவரில் மாட்டக்கூடாது. நீர் வர்ணம் வெளிறிவிடும். மியூசியங்களில் இவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே போதும் என்று வைத்திருக்கிறார்கள். நம் ஜன்னலோரத்தில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். சாதாரண மர அட்டையைப் பின்னால் வைத்தால் அதிலுள்ள அமிலம் சில வருஷங்களில் காகிதத்தைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்க வேண்டும். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடாது. பசை போட்டு அட்டையில் ஒட்டவே கூடாது. கல்கத்தா, பம்பாய், சென்னை போன்ற ஈரக் காற்று ஊர்களில் மழைக்காலம் முடிந்ததும் சட்டத்தைக் கழற்றிப் பூஞ்சையோ ராமபாணமோ இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

மேஜையைக் கவிழ்த்துப் பாருங்கள்

மரச் சாமானுக்கு இதைவிடச் சுலபமான சாஸ்திரம் ஒன்று உண்டு. முகப்பைப் பார்க்காதே, அடிப்பக்கத்தைப் பார். போலி செய்கிறவன் முகப்பில்தான் உழைப்பான்.

இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்துக் கவிழ்க்க வேண்டும். பலகைகள் சேரும் மூலையில் புறா வால் மாதிரி வெட்டிக் கோத்த இணைப்பு இருக்கும். கையால் வெட்டியதானால் ஒன்றுக்கொன்று அளவு கொஞ்சம் மாறும். மெஷினில் வெட்டியது அச்சில் வார்த்தது போல ஒரே சீராக இருக்கும். வட்ட ரம்பம் அறுத்த பலகையில் வில் மாதிரி வளைந்த கோடுகள் இருக்கும். கைரம்பம் நேர்க்கோடுகள் விடும். ஆனால் நம் ஊர்களில் கைரம்பம் வெகுகாலம் புழக்கத்தில் இருந்ததால், இந்த ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. பழைய வட்ட மேஜையை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மரம் நரம்போட்டத்தின் குறுக்கே சுருங்குமே தவிர, நெடுக்கே அவ்வளவாகச் சுருங்காது. ஆகவே நூறு வருஷத்து வட்ட மேஜை கொஞ்சம் முட்டை வடிவமாகியிருக்கும். துல்லியமான வட்டமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

பழைய மெருகு பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தடவித் தடவி ஏற்றிய பிரெஞ்சு பாலிஷ். பெயர்தான் பிரெஞ்சு, அரக்கு நம் பீஹார், ஜார்க்கண்ட் காடுகளில் ஒரு பூச்சி தருவது. அடியில் மறைவான இடத்தில் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் அது பிசுபிசுக்கும். இக்காலத்துப் பாலியூரித்தேன் அசையாது. பழைய மெருகைச் சுரண்டிப் 'புதுசு போல' ஆக்குவது பெரிய பாவம். தூசி தட்டி, மெல்லிய மெழுகு தடவினால் போதும்.

கல்கத்தாவின் ஞாயிற்றுக்கிழமை ஏலங்களில் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றேன். பித்தளை மூலை அடித்து, நடுவில் இரண்டாகப் பிரியும் பெட்டிகள். ராணுவ அதிகாரிகள் கூடாரத்துக்குக் கூடாரம் கொண்டுபோவதற்காகச் செய்தவை. காலை நீட்டிக்கொள்ள வசதியாகக் கை நீண்ட பிரம்பு நாற்காலிகள். வியன்னாவில் நீராவியில் வளைத்துச் செய்த மெலிந்த நாற்காலிகள். லாசரஸ் கம்பெனி முத்திரை போட்ட மஹோகனி மேஜைகள். வாங்கியது குறைவு, கவிழ்த்துப் பார்த்தது அதிகம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்

நம் அங்கத்தினர்கள் பலருக்குக் குழந்தைகள் வெளிநாட்டில் இருப்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் அமலில் இருக்கிறது. நூறு வருஷம் கடந்த, சரித்திர முக்கியத்துவம் உள்ள பொருள் எதையும் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 வருஷம்தான் கணக்கு. பழையது போலத் தோன்றும் பொருளானால், அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு அனுப்புவதே உசிதம். இது போக, 2017 ஜனவரி முதல் ஈட்டி மரம் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டது. தந்தம் பதித்த விசாகப்பட்டினத்துப் பெட்டி என்று யாராவது விற்க வந்தால் தொடாதீர்கள். இந்தியாவில் தந்த வியாபாரம் அறவே தடை.

நாங்கள் விற்ற மேஜை

இத்தனை விவரம் சொல்கிறவன் தன் அகத்துச் சாமானை எப்படிக் காப்பாற்றினான் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான்.

லால்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் தாத்தாவுக்கு ஒரு ஈட்டி மர மேஜை இருந்தது. அவர் கணக்கு எழுதியது, அப்பா எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படித்தது, நான் பி.எஸ்ஸி.க்குச் செம்பருத்தியை அறுத்துப் படம் போட்டது, எல்லாம் அதன் மேல்தான். பலகையில் கருநீல மசிக் கறை ஒன்று வங்காள விரிகுடா போல இருக்கும். 1986-ல் அப்பா காலமான பிறகு, கிராமத்து வீட்டை விற்பது என்று நானும் அண்ணாவும் முடிவு செய்தோம். அண்ணா பம்பாயில், நான் கல்கத்தாவில். லாரி வைத்துக் கொண்டுபோக யாருக்கும் இடமும் இல்லை, மனமும் இல்லை. பழைய சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வண்டியோடு வந்தார். ஊஞ்சல் பலகை, கட்டில், பத்தாயம், மேஜை எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய். மேஜைக்குத் தனியாக என்ன விலை என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. பெரியம்மா மட்டும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "அது செஞ்ச ஆசாரி பேரு எனக்குத் தெரியும்டா" என்று சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் பெரியம்மாவும் போய்விட்டாள்.

ராக்ஸ்பர்கின் படத்தில் சித்திரக்காரன் பெயர் இல்லையே என்று ஷிப்பூரில் நான் வருத்தப்பட்டது அதற்குப் பல வருஷம் கழித்து. அப்போதுதான் பெரியம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கம்பெனிக்காரர்கள் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்?

முத்திரை

1999-ல் கல்கத்தாவில் ஒரு பழைய புத்தகக் கடையில் தனித்தனித் தாள்களாகக் கட்டி வைத்திருந்த கல்லச்சுப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை லென்ஸ் கையில் இருந்தது. வைட்டின் நூலிலிருந்து ஈட்டி மரம்! புள்ளி இல்லை, பள்ளம் இல்லை, சுத்தமான கல்லச்சு. 600 ரூபாய். மேஜை போனால் போகிறது, அந்த மரமாவது சுவரில் இருக்கட்டும் என்று வாங்கி வந்தேன். அட்டையில் ஒட்டியிருந்ததால் அப்படியே சட்டம் போட்டு மாட்டிவிட்டேன்.

2001 மழைக்காலத்தில் ஈரம் தாக்கி அட்டை உப்பிவிட்டது. கழற்றியபோது படம் தானாகவே அட்டையை விட்டுப் பிரிந்தது. பின்பக்கத்தில், யாரோ தேய்த்து அழிக்கப் பார்த்த ஒரு நீள்வட்ட முத்திரை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தெற்கே ஒரு கல்லூரியின் நூலக முத்திரை. இடது விளிம்பு பிளேடால் அறுத்தது போல, நடுவில் மட்டும் கொஞ்சம் கிழிந்து இருந்தது.

நான் பணம் கொடுத்து வாங்கியவன், திருடியவன் இல்லை. நான் வாங்காவிட்டால் வேறு ஒருவர் வாங்கியிருப்பார். இப்படி இரண்டு வாரம் எனக்கு நானே நோட் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒரு நாள், "ஏன்னா, மத்தவா கணக்கிலே ஒரு ரூபா இடிச்சா ராத்திரி தூங்கமாட்டேளே, இது மட்டும் எப்படிப் பொறுக்கிறது?" என்று கேட்டாள். அதற்கு மேல் பதில் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்குத் தெற்கே போனபோது படத்தையும் எடுத்துக்கொண்டு அந்தக் கல்லூரிக்குப் போனேன். நூலகர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தூசி தட்டி ஒரு தொகுதியைக் கொண்டுவந்தார். பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் தாள் இல்லை. தையலுக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குத் துண்டு மட்டும் நின்றது. என் படத்தை அதன் பக்கத்தில் வைத்தோம். நடுவில் இருந்த அந்தக் கிழிசல் துண்டோடு அப்படியே பொருந்தியது.

பிறகு அவர் மற்றப் பக்கங்களையும் நிதானமாகப் புரட்டிக் காட்டினார். அதே தொகுதியில் இன்னும் ஐந்து இடங்களில் துண்டுகள் நின்றன.

படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதிலும் சிக்கல் இருந்தது. படம் தொலைந்ததாகப் பதிவேடு சொல்லவில்லை. தொலையாத பொருளை எப்படித் திரும்பப் பெறுவது? நானும் நாற்பது வருஷச் சர்க்கார் உத்தியோகஸ்தன் ஆயிற்றே! இருவரும் உட்கார்ந்து யோசித்து, 'தொகுதியிலிருந்து பிரிந்திருந்த படம் ஒன்று சேர்க்கப்பட்டது' என்று ஒரு குறிப்பு எழுதினோம். அவர் கையெழுத்துப் போட்டார். என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்தபோது, பல தணிக்கை அறிக்கைகளை முடித்தபோது கிடைக்காத ஒரு நிம்மதி இருந்தது. அந்த ஐந்து துண்டுகள் மட்டும் இன்றைக்கும் கண்ணை விட்டுப் போகவில்லை. யார் யார் அகத்து ஹாலில் அவை தொங்குகின்றனவோ!

மாட்டுப்பெண்ணுக்குச் சொன்னது

ஆகவே அவளுக்கு நான் சொன்னது இதுதான். பழைய படம் வாங்குவது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 1787-ல் ஆரம்பித்த 'கர்டிஸ் தாவரவியல் பத்திரிகை' போன்றவற்றின் படங்கள் ஏராளமாக அச்சானவை. 1948 வரை அதற்குக் கையாலேயே வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். அதில் உதிர்ந்த தாள்கள் நேர்மையாகவும் கிடைக்கும். ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேள். பின்பக்கத்தைப் பார். முத்திரை அழித்திருந்தால், இடது விளிம்பு பிளேடால் வெட்டியிருந்தால் வேண்டாம். முழுப் புத்தகமாக இருப்பதைப் படங்களுக்காக அறுக்கச் சொல்லவே சொல்லாதே. சுவரை அழகு செய்வதுதான் நோக்கம் என்றால், பெரிய நூலகங்கள் சேர்ந்து நடத்தும் பல்லுயிர் மரபு நூலகத்தில் வைட், ராக்ஸ்பர்க் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. நல்ல காகிதத்தில் அச்சடித்து, 'நகல்' என்று அடியில் எழுதி மாட்டலாம். நான் அப்படித்தான் ஈட்டி மரத்தை மறுபடி மாட்டியிருக்கிறேன். அடியில் செடியின் பெயரும் நூலின் பெயரும் எழுதியிருக்கிறேன்.

மேஜை விஷயத்தில் அவளே என்னை முந்திக்கொண்டாள். அந்த வாரமே கடைக்குப் போய், 'நூறு வருஷத்து ரோஸ்வுட்' என்று சொன்ன மேஜையின் இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். அடியில் பிளைவுட், ஸ்டேப்ளர் பின். கடைக்காரர் முகம் போன போக்கை அவள் சொல்லி நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அப்புறம் அவளே கேட்டாள்: "அப்பா, கல்கத்தா ஆத்துல நீங்க உட்கார்ந்துக்கற சாய்வு நாற்காலி யாரோடது?" என் மாமனாரின் தகப்பனாருடையது. மாயவரத்தில் செய்தது. 1986-ல் வியாபாரி வண்டியில் ஏறாமல் தப்பியதற்குக் காரணம், அது என் மனைவி பிறந்தகத்துச் சாமான் என்பதுதான். அதை எடுத்துக்கொள் என்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் மாயவரத்தில் இருக்கும் என் மச்சினருக்கு ஃபோன் செய்து விசாரித்தேன். அவருக்கு நினைவில்லை. அவருடைய அத்தை, தொண்ணூற்று இரண்டு வயது, படுத்தபடியே சொன்னாராம்: ஆசாரி பெயர் கோவிந்தசாமி, கடைத்தெருவில் பட்டறை, மரம் தேக்கு, பிரம்பு பின்னியது வேறு ஆள்.

ஒரு துண்டுக் காகிதத்தில் அதையெல்லாம் எழுதி, தேதி போட்டு, நாற்காலியின் இருக்கைச் சட்டத்துக்கு அடியில், மெருகு படாத இடத்தில், ஒரு சின்ன உறையில் வைத்துக் கட்டியிருக்கிறேன். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்றும் எழுதியிருக்கிறேன். வவுச்சர் இல்லாமல் சரக்கை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

உங்கள் அகத்திலும் ஊஞ்சலோ, பெட்டியோ, மனைப்பலகையோ ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும். தொண்ணூறு வயது அத்தையோ சித்தப்பாவோ இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள்.